உறைக்குள் இருக்கும் சூது

சீட்டாட்டத்தைப் பற்றி இலக்கிய ஆர்வலர்கள் கூடும் இடத்தில் எழுதுபவர்கள் ஒரு முகாந்திரத்தோடு தொடங்குவது வழக்கம். 'சற்றே இலேசான விஷயம், பொறுத்தருள்க' என்று சொல்லிவிட்டு மெல்ல உள்ளே நுழைவார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. குறளில் சூது என்றோர் அதிகாரம் இருப்பதை நினைவூட்ட விரும்பும் அன்பர்களுக்கு: ஆம், 94ஆவது அதிகாரம். கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவில் நிற்கிறது. அங்கே கண்டிக்கப்படுவது பொருளைப் பணயம் வைத்து, கைவிட்டுப்போன பொருளைத் துரத்திக்கொண்டே போகும் மனநிலை. அந்த மனநிலையைத்தான் நானும் இங்கே கண்டிக்கப்போகிறேன். ஆனால் அது குடியிருக்கும் இடம் நீங்கள் நினைக்கும் இடமல்ல.

என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆடுபவரே தமது சீட்டுக்கட்டைத் தேர்ந்து அமைத்துக்கொண்டு வந்து ஆடும் ஆட்டங்கள் நம் காலத்தின் அறிவார்ந்த பொழுதுபோக்குகளில் முதல் வரிசையில் வைக்கத்தக்கவை. 1993இல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்த 'மேஜிக்: த கேதரிங்' இவற்றுக்கெல்லாம் தாய். அவற்றை விற்கும் முறை சூது. புதிய தொகுதி ஒன்று வெளிவரும்போதெல்லாம் ஒவ்வொரு சீட்டுக்கும் 'ஐந்துக்கு மூன்றரை' என்று மதிப்பெண் போடும் விமர்சனங்கள் அந்தச் சூதுக்குத் தரகு வேலை பார்க்கின்றன. ஆட்டத்தை வெறுக்கும் நம் பெரியவர்களும் விமர்சனத்தை நம்பும் நம் இளைஞர்களும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். இருவருமே சீட்டைப் பார்க்கிறார்கள். கட்டைப் பார்ப்பதில்லை.

தமிழில் 'சீட்டு' என்ற சொல்லே சந்தேகத்துக்கு ஆளானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஏலச்சீட்டு, தீபாவளிச் சீட்டு, லாட்டரிச் சீட்டு என்று நம் நடுத்தர வர்க்கத்தின் கண்ணீர்க் கதைகளில் பாதி இந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. 2003இல் தமிழ்நாடு லாட்டரியைத் தடை செய்தபோது நிம்மதிப் பெருமூச்சு விட்ட குடும்பங்கள் எத்தனை! அந்த நினைவோடு இருப்பவர்களிடம் போய், 'அறுபது சீட்டுகளைத் தேர்ந்தெடுப்பதில் ஓர் அழகியல் இருக்கிறது' என்று சொன்னால் முகம் சுளிக்கத்தான் செய்வார்கள்.

இந்த விவாதம் எனக்கு ஏட்டுச் சுரைக்காய் அல்ல. தட்டாஞ்சாவடியில், தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் நான் குடியிருக்கும் தெருவில், ஒரு மாடியறையில் ஞாயிறுதோறும் ஏழெட்டு இளைஞர்கள் கூடி இந்த ஆட்டத்தை ஆடுகிறார்கள். ஒருவர் இரவுப்பணி முடிந்து தூங்காமல் நேரே வருவார். இருவர் பொறியியல் மாணவர்கள். இவர்களோடு எனக்கு வயது வித்தியாசம் அதிகம். 'சார்' என்று அழைத்துக்கொண்டே ஈவிரக்கமின்றித் தோற்கடிப்பார்கள். சென்ற ஆண்டில் இவர்களில் இருவர் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். ஆட்டம் சலித்துவிட்டதா என்று ஒருவரைக் கேட்டேன். 'இல்ல சார், புது செட் வந்ததும் என் டெக் செத்துப்போச்சு. மறுபடி கட்டறதுக்குக் காசு இல்ல' என்றார். அவர் மூன்று மாத ஓய்வுநேரத்தைச் செலவழித்துத் திருத்தித் திருத்தி அமைத்த கட்டு அது. எங்கோ யாரோ ஒருவர் அதற்கு அடுத்த தொகுதியில் வந்த சில சீட்டுகளுக்கு ஐந்துக்கு ஐந்து போட்டார். இவருடைய கட்டு செத்துப்போயிற்று. உண்மையில் செத்ததா? அவர் அதை ஒருமுறைகூடப் புதிய சீட்டுகளுக்கு எதிராக ஆடிப் பார்க்கவில்லை என்பதுதான் என் ஆத்திரத்துக்குக் காரணம்.

*

ஒரு சீட்டின் மதிப்பு என்பது என்ன? இதை விளங்கிக்கொள்ள அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்துக்குப் போனால் போதும்.

ஈழத்தமிழர்களும் சிங்களவரும் ஆடும் முந்நூற்று நாலு என்ற ஆட்டத்தை அறிந்தவர்கள் இருப்பீர்கள். ஏழு முதல் ஆஸ் வரை 32 சீட்டுகள். நால்வர், இரண்டு அணி. அதில் ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. கூட்டினால் ஓர் இனத்துக்கு 76. நான்கு இனத்துக்கு 304. ஆட்டத்தின் பெயரே அதன் கணக்கு. ராஜாவும் ராணியும் ஒரு மூலையில் கிடக்க, ஒரு சிப்பாயும் ஓர் ஒன்பதும் அரசாளும் உலகம் அது. ரம்மி ஆடியே வளர்ந்த ஒருவர் இந்த ஆட்டத்தில் முதன்முறை உட்கார்ந்தால் ஒன்பதை அலட்சியமாகத் தூக்கிப் போட்டுவிட்டுப் பங்காளியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். ஒன்பது மாறவில்லை. விதி மாறியிருக்கிறது, அதனால் ஒன்பது வேறொன்றாகிவிட்டது.

பிரெஞ்சுக்காரர்கள் ஆடும் பெலோத்தும் இதே குடும்பம்தான். நமது புதுச்சேரியின் முன்னாள் எஜமானர்கள் கொஞ்சம் வேறு மாதிரி கணக்கு வைத்திருக்கிறார்கள். அங்கே ஜாக்கியும் ஒன்பதும் துருப்பு இனத்தில் மட்டுமே பெரியவர்கள்; ஜாக்கிக்கு 20, ஒன்பதுக்கு 14. மற்ற இனங்களில் அதே ஒன்பதுக்குச் சுழி. ஆக ஒரே ஆட்டத்துக்குள்ளேயே, ஒரே கையில் இருக்கும் இரண்டு ஒன்பதுகளில் ஒன்று மன்னன், மற்றொன்று குப்பை. இதில் 'ஒன்பதுக்கு ஐந்துக்கு எத்தனை' என்று யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?

முந்நூற்று நாலில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. முதலில் நான்கு சீட்டுகள்தாம் கைக்கு வரும். அந்த நான்கைப் பார்த்துக் கேள்வி கேட்க வேண்டும். கேள்வியை வென்றவர் துருப்பைக் கவிழ்த்து வைத்த பிறகே மீதி நான்கு வரும். பாதியைப் பார்த்து முழுமையை ஊகிக்கும் இந்தத் துணிவுதான் ஆட்டத்தின் உயிர். புதிய சீட்டை மதிப்பிடுவதும் இப்படிப்பட்ட காரியமே. ஊகம் தவறாகலாம்; தவறினால் தோல்வி உங்களுடையது. நட்சத்திர மதிப்பீடு செய்பவருக்கு அந்தத் தோல்வி கிடையாது. அடுத்த தொகுதிக்கு அடுத்த பட்டியல் போடப் போய்விடுவார்.

இந்தப் பட்டியல்காரர்கள் எத்தனை முறை கோட்டைவிட்டிருக்கிறார்கள் என்பதற்கு மேஜிக் ஆட்டத்தின் வரலாறே சாட்சி. 1995இல் 'ஐஸ் ஏஜ்' தொகுதியில் நெக்ரோபொட்டன்ஸ் என்ற சீட்டு வந்தது. ஒவ்வொரு முறையும் இயல்பாகக் கிடைக்க வேண்டிய ஒரு சீட்டை விட்டுக்கொடுத்துவிட்டு, தன் உயிர்ப்புள்ளிகளைக் கொடுத்து வேண்டிய அளவு சீட்டு வாங்கிக்கொள்ளலாம் என்பது அதன் பொருள். உயிரைக் கொடுத்துச் சீட்டு வாங்குவதா என்று பலர் ஒதுக்கினார்கள். மறு ஆண்டே அதன் அடிப்படையில் அமைந்த கட்டுகள் ஆட்டக்களத்தை மூடிப் போர்த்தின. 1996இன் கோடையை அவர்கள் இன்றும் 'கறுப்புக் கோடை' என்கிறார்கள். இருபது உயிர்ப்புள்ளிகளில் கடைசி ஒன்றுதான் உயிர், மற்றப் பத்தொன்பதும் செலவழிக்கத்தக்க செல்வம் என்ற புரிதல் அந்தச் சீட்டால் வந்தது. இதை ஒரு தத்துவ நூலில் படித்திருந்தால் அடிக்கோடிட்டு வைத்திருப்போம்.

விமர்சகர்களை விடுங்கள், வடிவமைத்தவர்களுக்கே தெரிவதில்லை. 2004 பிப்ரவரியில் வந்த ஸ்கல்கிளாம்ப் ஓர் ஆயுதம். அணிந்த வீரனுக்குத் தாக்கும் வலு ஒன்று கூடும், தாங்கும் வலு ஒன்று குறையும். அவன் இறந்தால் இரண்டு சீட்டு கிடைக்கும். தாங்கும் வலு குறைவது ஒரு தண்டனை என்றுதான் மேலோட்டமாகப் படிப்பவருக்குத் தோன்றும். ஆனால் தாங்கும் வலு ஒன்றே உள்ள சில்லறை வீரனுக்கு அதை மாட்டினால் அக்கணமே செத்துவிழுவான். ஒரே ஒரு மானா செலவில் இரண்டு சீட்டு கையில். குறையே வரமாகிவிட்டது. வெளிவந்த நான்கு மாதங்களில், அந்த ஜூனிலேயே, அதைத் தடை செய்தார்கள். இருபது ஆண்டுகள் கழித்து 2024இல் அதே கதை: 'நாடு' என்ற பெயர்கொண்ட ஒரு பறவைச் சீட்டு ஜூனில் வந்தது, ஆகஸ்டில் ஓர் ஆட்டவகையிலிருந்து விரட்டப்பட்டது. (நம் நாட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை, பெயரைக் கேட்டு எங்கள் மாடியறையில் சில வாரங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம்.) கடைசி நேரத்தில் அதன் வாசகத்தை மாற்றியதாகவும், மாற்றிய வடிவத்தை ஆடிச் சோதிக்கவில்லை என்றும் வடிவமைப்பாளரே பகிரங்கமாக எழுதினார். அந்த நேர்மையைப் பாராட்டுகிறேன். ஆனால் சம்பளம் வாங்கிக்கொண்டு சோதிப்பவர்களுக்கே புலப்படாததை, வெளியீட்டுக்கு ஒரு வாரம் முன்பு படத்தைப் பார்த்த ஒருவர் மூன்றரை நட்சத்திரம் என்று அறுதியிடுவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

*

கட்டு அமைப்பது என்பது தொகுத்தல். இங்கே கூடும் வாசகர்களுக்கு நெருக்கமான சான்று ஒன்று என்னிடம் இருக்கிறது.

அகநானூற்றை எடுத்துக்கொள்ளுங்கள். நானூறு பாடல்கள். உருத்திரசன்மர் தொகுத்தார், தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. அவர் கிடைத்ததையெல்லாம் அள்ளிப் போடவில்லை. 13 அடி முதல் 31 அடி வரை என்று ஒரு வரம்பு. 4 முதல் 8 அடி என்றால் குறுந்தொகைக்குப் போகட்டும், 9 முதல் 12 என்றால் நற்றிணைக்கு. இதைவிட வியப்பு வரிசை. ஒற்றைப்படை எண் பெற்ற பாடல்கள் எல்லாம் பாலை. 2, 8 என முடியும் எண்கள் குறிஞ்சி. 4 முல்லை, 6 மருதம், 10 நெய்தல். விளைவு: பாலை 200, குறிஞ்சி 80, மற்ற மூன்றும் நாற்பது நாற்பது. எந்த இடத்தில் நூலைப் பிரித்தாலும் ஒரு பாடல் விட்டு ஒரு பாடல் பிரிவின் வெம்மை அடிக்கும். இடையிடையே கூடலும் காத்திருத்தலும் ஊடலும் இரங்கலும் ஓர் ஒழுங்கில் வந்துபோகும்.

மேஜிக் கட்டு அமைப்பவர் செய்வதும் இதே வகைக் கணக்குதான். அறுபது சீட்டு, அதற்குக் குறையக்கூடாது. அடிப்படை நிலங்கள் தவிர எந்தச் சீட்டும் நான்கு படிக்கு மேல் கூடாது. அறுபதில் ஏறத்தாழ 24 நிலங்கள், ஏனென்றால் நிலமில்லாமல் எதையும் ஆட முடியாது. பாலை இருநூறு போல என்று சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லலாம் என்றே படுகிறது. எஞ்சிய 36 இடங்களில் முதல் முறைக்கு உதவுபவை எத்தனை, மூன்றாம் முறைக்கு எத்தனை, ஆறாம் முறைவரை உயிரோடு இருந்தால் இறக்கவேண்டிய கனமானவை எத்தனை என்று பங்கிட வேண்டும். ஒரு சீட்டின் நான்கு படிகளை வைத்தால், தொடக்கத்தில் கைக்கு வரும் ஏழு சீட்டில் அது ஒன்றாவது இருக்க ஏறத்தாழ 40 விழுக்காடு வாய்ப்பு. ஒரே படி என்றால் 12 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. எனவே 'இந்தச் சீட்டு நல்லதா' என்ற கேள்வியை இப்படித்தான் கேட்க முடியும்: இதை உள்ளே கொண்டுவர எதை வெளியே அனுப்பப்போகிறாய்? எந்த முறையில் இது கைக்கு வந்தால் உனக்கு வேண்டும், எந்த முறையில் வந்தால் தலைவலி? எதிரில் யார் உட்கார்ந்திருப்பார்கள்? கடைசிக் கேள்விதான் எனக்கு மிக முக்கியம். எங்கள் மாடியறையில் எதிரில் உட்காருவது ஏழெட்டுப் பேர்தாம். அவர்கள் என்ன ஆடுவார்கள் என்று எங்களுக்குத் தெரியும். சியாட்டிலில் இருந்து வரும் பட்டியலுக்குத் தெரியாது.

1996இல் பால் ஸ்லை என்பவர் ஒரு தகுதிச்சுற்றுக்கு எடுத்துச்சென்ற கட்டைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். வடிவமைத்தவர் ஜே ஷ்னைடர். எவரும் சீண்டாத மலிவான சிவப்புச் சீட்டுகள் நிறைந்த கட்டு அது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நகைப்புக்குரியது. ஆனால் முதல் முறை ஒரு மானா, இரண்டாம் முறை இரண்டு, மூன்றாம் முறை மூன்று என்று ஒரு துளி வீணாகாமல் செலவழியும்படி அடுக்கப்பட்டிருந்தது. அரிய சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்துக்காகக் காத்திருந்தவர்களை அது சாய்த்தது. விலையை வைத்து மதிப்பிடுபவர்களுக்கு ஸ்லையின் கட்டைவிட நல்ல பதில் இதுவரை தரப்படவில்லை.

*

விரிவாக்கத் தொகுதிகள் மேலைநாட்டு வணிகர்களின் கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்களுக்கு மைசூரைக் காட்ட விரும்புகிறேன். வட்டச் சீட்டுகளான கஞ்சிஃபா முகலாயர் காலத்தில் இந்நாட்டில் வேரூன்றியது. எட்டு இனம், 96 சீட்டு என்பது பரவலான முகலாய வடிவம். அதைத் தசாவதாரமாக மாற்றியபோது பத்து இனம், 120 சீட்டு ஆயிற்று. 19ஆம் நூற்றாண்டில் மைசூர் மன்னர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் இதில் அடங்காமல் புதிது புதிதாகக் கட்டுகளை வகுத்துக்கொண்டே போனார். ஸ்ரீதத்துவநிதியின் கௌதுகநிதி என்ற பகுதியில் அவை விவரிக்கப்பட்டுள்ளன. மிகச் சிக்கலானதற்கு 18 இனம், 360 சீட்டு! ஓவியக் கலை என்ற வகையில் கண்கொள்ளாக் காட்சி. ஆனால் அந்த ஆட்டங்கள் அரண்மனைச் சுவரைத் தாண்டி மக்களிடம் பரவியதாகத் தெரியவில்லை. 32 சீட்டுகள் கொண்ட முந்நூற்று நாலு கடல் தாண்டி டொரண்டோ வரை போயிருக்கிறது. சீட்டுகளின் எண்ணிக்கை கூடக்கூட ஆட்டம் வளரும் என்று நம்புபவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2025 ஆம் ஆண்டில் மட்டும் மேஜிக்கின் முதன்மை ஆட்டவகைக்கு ஆறு தொகுதிகள் வந்தன. அவற்றில் ஒன்று ஸ்பைடர்மேன். மைசூர் மன்னராவது தம் கற்பனையைக் கொண்டு வகுத்தார்.

இனி, உறை.

மேஜிக்கின் ஆதி விதிகளில் பணயம் உண்டு. ஆட்டம் தொடங்குமுன் இருவரும் தம் கட்டிலிருந்து ஒரு சீட்டைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து ஒதுக்கி வைப்பார்கள். வென்றவர் இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம். அது சூது என்பதில் யாருக்கும் ஐயமில்லை, காலப்போக்கில் கைவிட்டார்கள். ஆட்டத்திலிருந்த பணயம் போயிற்று. உறையிலிருந்த பணயம் தங்கிவிட்டது. அன்று வழக்கமாக 15 சீட்டுகள் கொண்டிருந்த மூடிய உறைக்குள் ஒன்று அரியதாகவும், மூன்று சுமாரானவையாகவும், பதினொன்று சாதாரணமானவையாகவும் இருந்தன. உள்ளே எது என்று கிழித்த பிறகே தெரியும். 2008இல் இது போதாதென்று 'அரிதினும் அரிய' என்றொரு தரத்தைச் சேர்த்தார்கள். ஏறத்தாழ எட்டு உறைக்கு ஒன்று. அத்தரத்தில் 15 சீட்டுகள் இருக்குமானால் உங்களுக்கு வேண்டிய ஒன்று 120 உறைக்கு ஒருமுறை வரும் என்று கணக்கு. நான்கு படி வேண்டுமானால் 480 உறை. ஒரு வேலையில் இருக்கும் இளைஞனின் சம்பளத்தில் இதைப் பெருக்கிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்பது ஒரு நகைச்சுவை நாடகம். 1967இல் உச்ச நீதிமன்றம் ரம்மியைத் திறமையின் ஆட்டம் என்று ஏற்றது. விழுந்த சீட்டுகளை நினைவில் வைப்பதும், எதை வைத்துக்கொள்வது எதைக் கழிப்பது என்று முடிவு செய்வதும் திறமை என்பது அதன் வாதம். அருமையான வாதம், கட்டமைத்தலுக்கும் அப்படியே பொருந்தும். ஆனால் அந்த வாதத்தின் குடைக்குள் புகுந்துகொண்டு இணைய ரம்மி நிறுவனங்கள் எத்தனை குடும்பங்களைக் குடித்தன என்று நாம் பார்த்தோம். தமிழ்நாடு 2022இல் தனிச் சட்டம் இயற்றியது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் அதிலிருந்து விலக்கியது. கடைசியில் 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசு, திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து இணையத்தில் ஆடும் ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்தது. இத்தனை விவாதத்திலும் மூடிய உறையைப் பற்றி எவரும் மூச்சு விடவில்லை. அது பொம்மைக் கடைச் சரக்கு. 2018இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் கணினி விளையாட்டுகளில் விற்கப்படும் கண்மூடிப் பெட்டிகளைச் சூது என்று அறிவித்தது. காசு கொடுக்கிறாய், உள்ளே என்ன என்று தெரியாது, கிடைப்பதன் மதிப்பு அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. காகித உறைக்கு இந்த மூன்றும் பொருந்தவில்லையா?

இங்கேதான் நட்சத்திர விமர்சகர் நுழைகிறார். எந்தச் சீட்டு 'ஐந்து' என்று அறிவிப்பதன் மூலம் எந்தப் பரிசுக்காக உறையைக் கிழிக்க வேண்டும் என்று அவர் சொல்லிக்கொடுக்கிறார். லாட்டரிக் கடை வாசலில் பரிசுத்தொகையை வண்ணச் சுண்ணாம்பில் எழுதிய பலகைக்கும் இதற்கும் வேறுபாடு எனக்குத் தெரியவில்லை. 2019 அக்டோபர் 4 அன்று வெளிவந்த தொகுதியில் ஓகோ என்ற சீட்டு இருந்தது. எல்லாரும் துரத்தினார்கள். நவம்பர் 18இல் முதன்மை ஆட்டவகையில் அதைத் தடை செய்தார்கள். நாற்பத்தைந்து நாள். தவணை முறையில் வாங்கியவர்கள் தவணை முடியும் முன்பே காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

*

எதிர்த்தரப்பின் வாதங்களில் ஒன்றை மட்டும் நான் மதிக்கிறேன். உறையைப் பிரித்து, ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு மீதியைப் பக்கத்தில் இருப்பவருக்குக் கடத்தி, அப்படிச் சேர்த்தவற்றைக் கொண்டே கட்டு அமைத்து ஆடும் முறை ஒன்று உண்டு. அதில் எந்தப் பட்டியலும் உதவாது. கண்முன்னே இருப்பதைக் கொண்டு அந்த நிமிடம் முடிவு செய்ய வேண்டும். முந்நூற்று நாலின் முதல் நான்கு சீட்டுக் கேள்வியின் பெரிய அண்ணன் அது. உறை இல்லாமல் அந்த ஆட்டம் ஏது என்கிறார்கள்.

உறை இல்லாமலே ஆடலாம். அதற்கு 'கியூப்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு குழு தானே தேர்ந்தெடுத்த சீட்டுகளைக் கலைத்து, பதினைந்து பதினைந்தாகப் பிரித்து, உறையாகப் பாவித்து ஆடுவது. எட்டுப் பேருக்கு ஆளுக்கு 45 என்றால் 360 சீட்டு. (கிருஷ்ணராஜ உடையார் எங்கிருந்தாலும் புன்னகைப்பார்.) ஒருமுறை தொகுத்தால் ஆண்டுக்கணக்கில் ஆடலாம். புதிய தொகுதி வந்தால் அதிலிருந்து பத்தோ பதினைந்தோ தகுந்தவற்றைச் சேர்த்து, அதே எண்ணிக்கையை வெளியே அனுப்பினால் ஆயிற்று. அப்போது ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு நீக்கம் தேவைப்படும், வாதிட வேண்டியிருக்கும், வாதத்தில் ரசனை கூர்மையாகும். விமர்சனம் என்று நான் மதிப்பது அதைத்தான்.

'நிறுவனம் பிழைக்க வேண்டாமா' என்பது அடுத்த வாதம். பிழைக்கட்டும். ஃபேன்டஸி ஃபிளைட் நிறுவனம் 2008 முதலே உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே எழுதிய பெட்டிகளில் தொகுதிகளை விற்றுக் காட்டியது. கார்ஃபீல்டே 1996இல் வடிவமைத்த நெட்ரன்னர் ஆட்டத்தை 2012இல் இந்த முறையில் மறுபடி கொண்டுவந்து ஆறாண்டுகள் நடத்தினார்கள். 2018இல் உரிமம் முடிந்ததால் நின்றது. அப்போதும் ஆட்டம் சாகவில்லை. ரசிகர்களே ஓர் அமைப்பாகத் திரண்டு, புதிய சீட்டுகளை வடிவமைத்து, வீட்டில் அச்சிட்டுக்கொள்ளக் கோப்புகளை இலவசமாகவும் தருகிறார்கள். சிற்றிதழ் மரபில் வந்த நமக்கு இந்தக் காட்சி அந்நியமானதா என்ன?

நகல் சீட்டு வைத்து ஆடுவது திருட்டு என்று ஒரு குரல் கேட்கிறது. விற்பதற்காக அச்சிட்டால் திருட்டுதான். தமக்குள் ஆடிப் பார்க்கக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்பவர்களை விரட்டும் எண்ணம் தமக்கில்லை என்று மேஜிக்கை வெளியிடும் நிறுவனமே 2016இல் சொல்லிவிட்டது. அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளுக்கு மட்டுமே அசல் தேவை. அதே நிறுவனம் 2022இல் தன் முப்பதாண்டு நிறைவு வெளியீடாக நான்கு உறைகளை 999 டாலருக்கு விற்றது. மொத்தம் 60 சீட்டு. அவற்றைப் போட்டிகளில் ஆட முடியாது. அதாவது, நிறுவனமே அச்சிட்ட நகல். அதிலும் உள்ளே எது என்று தெரியாத நகல். எங்கள் மாடியறையில் ஒரு மாணவர் பழைய சீட்டின் முகத்தில் காகிதம் ஒட்டிப் பந்துமுனைப் பேனாவால் எழுதிக்கொண்டு வருகிறார். இந்த இரண்டில் எது கண்ணியமானது என்று கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன்.

ஆகவே தட்டாஞ்சாவடி நண்பர்களுக்கும், இதைப் படிக்க நேரும் வேறு ஊர்க் குழுக்களுக்கும் நான் முன்வைப்பது இதுதான். மூடிய உறை வாங்குவதை நிறுத்துங்கள். கையில் இருப்பவற்றை நடுவில் கொட்டுங்கள். இல்லாதவற்றைக் காகிதத்தில் எழுதுங்கள். யார் எதைக் கொண்டுவந்தார் என்பது மறந்துபோகட்டும். ஒரு புதிய சீட்டை முன்மொழிபவர் எதை நீக்குவது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டு நான்கு ஞாயிறு அதை ஆடிக் காட்ட வேண்டும். அதற்குமுன் மதிப்பெண் பேசுபவர் எல்லாருக்கும் டீ வாங்கித் தரட்டும்.

விலகிப்போன இருவரில் ஒருவரிடம் பேசியாயிற்று. 'செத்துப்போன' தன் கட்டை அப்படியே எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு ஐந்துக்கு ஐந்து வாங்கிய அந்தப் புதிய சீட்டுகளை எதிரில் வைத்து ஆட நான்கு பேர் காகிதம் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். இதுவரை எண்ணியதில் பொதுக்கட்டில் 412 சீட்டுகள் சேர்ந்திருக்கின்றன. 52 வெளியே போக வேண்டும்.